ஊமத்தை இனங்களைப் பிரித்தறிதல்

நம் கிராமங்களில் ஊமத்தையை அறியாதவர் எவரும் இரார். ஊர்ப்புறத்துக் குப்பைமேடுகளிலும், களத்துமேட்டின் ஓரங்களிலும், இடிந்த சுவர்களின் அடியிலும், புஞ்சை வரப்புகளிலும் அது தானே முளைத்துத் தழைத்து நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். அதன் புஷ்பம் சிவபெருமானுக்கு உகந்ததென்று ஆலயங்களுக்குச் செல்கிறது. அதன் இலையை வீக்கத்துக்குப் பற்றிடுவதற்காக நாட்டு வைத்தியர்கள் கொள்கின்றனர். ஆயினும், "இஃது எவ்வகை ஊமத்தை?" என்று வினவினால், வெள்ளைப் பூவுடையது வெள்ளூமத்தை என்றும், ஊதாப் பூவுடையது கருவூமத்தை என்றும் கூறுவதோடு பலரும் நின்றுவிடுவர்.

இவ்வாறு பூவின் நிறத்தைக் கொண்டு பிரிப்பது இரு வழியிலும் பிழையாகும். வெள்ளூமத்தை, கருவூமத்தை என்று நாம் இரண்டாகப் பிரிப்பவை பெரும்பாலும் ஒரே இனத்தின் இரு நிற வேறுபாடுகளேயாம். அதற்கு மாறாக, வெள்ளைப் பூ என்று நாம் ஒன்றாகக் கருதுவனவற்றுள் மூன்று வெவ்வேறு இனங்கள் அடங்கியுள்ளன. அம்மூன்றையும் ஐயமின்றிப் பிரித்தறியும் முறையையும், அதனால் குடியானவர்களுக்கு விளையும் பயனையும் இங்குக் கூறுவோம்.

பிரித்தறிவதன் பயன்

"மூன்றும் விஷச் செடிகளேயாயின், அவற்றைப் பிரித்தறிவதால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஹையோசயமின், ஸ்கோபோலமின் என்னும் நஞ்சுப் பொருள்கள் இம்மூன்று இனங்களிலும் உள்ளன. வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகிய எவ்வுறுப்பும் அவற்றுக்கு விலக்கன்று. கரிய பூவுடையதே கொடியது, வெள்ளைப் பூவுடையது சாதுவானது என்னும் எண்ணத்தை நம்பி நடத்தல் கூடாது. எனினும், பிரித்தறிவதனால் மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, விதையைப் பற்றியது. ஓரினத்தின் விதை கறுப்பு நிறமுடையது. மற்ற இரண்டின் விதைகள் பழுப்பு நிறமுடையவை. களத்தில் குவித்த தானியத்தில் எந்த நிற விதையைத் தேடவேண்டும் என்பது, நிலத்தில் நின்ற செடி எவ்வினத்தது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, காய் வெடிக்கும் விதத்தைப் பற்றியது. ஓரினத்தின் காய் நிமிர்ந்து நின்று, வாய் திறந்த கிண்ணம்போல விதைகளை ஏந்தி வைத்திருக்கும். அறுவடையின்போது அரிவாள் பட்டு அசைந்தால் அவ்விதைகள் கதிரோடு கலக்கும். மற்ற இரண்டின் காய்கள் கவிழ்ந்து, ஒழுங்கின்றி உடைந்து, பெரும்பாலும் செடியின் அடியிலேயே விதைகளைக் கொட்டிவிடும். ஆகையால் எச்செடியை முதலில் களைய வேண்டும் என்பதற்கும் இனம் அறிதல் வேண்டியதாகிறது.

மூன்றாவது, விபத்து நேர்ந்த காலத்தைப் பற்றியது. மனிதரோ கால்நடையோ நஞ்சுண்டு வருந்தும்போது, இன்ன செடியின் இன்ன உறுப்பு உண்ணப்பட்டது என்று தெளிவாகக் கூற வல்ல ஒருவர் ஊரில் இருப்பாராயின், வைத்தியருக்கு அது பெரும் உதவியாகும்.

இவை வீண் அச்சங்கள் அல்ல. 2003ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலுள்ள ஸ்லோவீனியா நாட்டில், பக்வீட் என்னும் தானியத்தின் மாவில் ஊமத்தை விதை கலந்தமையால் அதனை உண்ட பலர் நோயுற்றனர். 2019ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டின் கரமோஜா பகுதியில், மக்காச்சோளமும் சோயாவும் சேர்த்து உதவி உணவாக வழங்கப்பட்ட மாவில் இந்நஞ்சு கலந்திருந்தது, ஐவர் மாண்டனர், ஏறத்தாழ 300 பேர் துன்புற்றனர். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், பசளை போன்றதொரு கீரையின் அறுவடையோடு ஊமத்தை கலந்து சந்தைக்குச் சென்றமையால் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். கவனிப்பாரற்று விளைநிலத்தில் நின்ற சில செடிகளே இத்தகைய விபத்துக்களுக்கு மூலமாகின்றன. அரைத்த மாவிலும் அரிந்த கீரையிலும் அவற்றைப் பின்னர்க் கண்டுபிடிப்பார் யார்?

ஊமத்தையின் பொதுக் குறிகள்

இனத்தைப் பிரிப்பதற்குமுன், கண்ட செடி ஊமத்தைதானா என்று நிச்சயித்தல் வேண்டும். ஊமத்தையின் கிளைகள் இரண்டிரண்டாகக் கவைத்துப் பிரியும். அக்கவட்டில் ஒற்றைப் பூத் தோன்றும். பூவானது ஊதுகொம்புபோல் நீண்டு மேல்நோக்கியிருக்கும், மாலையில் விரியும். இலையைக் கசக்கினால் அருவருக்கத்தக்க நாற்றம் வீசும். காயின்மேல் முட்களாவது முண்டுகளாவது காணப்படும். பூ உதிர்ந்த பின்னும் அதன் பச்சைப் புறவிதழின் அடிப்பாகம் வட்டமான தட்டுப்போலக் காயின் காம்பருகே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெயரொற்றுமையாலும் தோற்றத்தாலும் மயக்கந்தரும் செடிகள் இரண்டு உள. ஒன்று மருளூமத்தை. இது பெயரளவில் மட்டுமே ஊமத்தை. உண்மையில் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கு ஊதுகொம்பு போன்ற பூ இல்லை. காய் சிறியது, அதன் முட்கள் நுனியில் கொக்கிபோல் வளைந்து, ஆட்டின் மயிரிலும் நம் வேட்டியிலும் பற்றிக்கொள்ளும். ஊமத்தையன்று என்பதனால் இதனை அலட்சியம் செய்யலாகாது. வித்திலைகள் இரண்டுடன் முளைத்து நிற்கும் இளம் பருவத்தில் இது கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் கடும் நஞ்சாகும். மற்றொன்று, மலைவாசத் தலங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் மரவகை. இதன் பெரிய பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும். காயில் முள் இராது. இதுவும் விஷமுள்ளதே. ஆகையால் இதன் கிளைகளை நட்டு மாட்டுக் கொட்டிலுக்கு வேலியாக்குதல் தகாது.

மூன்று இனங்கள்

1. நாட்டு ஊமத்தை. தாவர சாஸ்திரிகள் இதனை டட்டூரா மெட்டல் என்பர். 3 முதல் 5 அடி உயரம் வளரும். தண்டு பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். இளந்தளிர்களில் நுண்மயிர் சிறிது காணப்படினும், முதிர்ந்த பாகங்கள் ஏறக்குறைய மயிரற்றவை. இலையின் அடிப்பாகம் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் சமமின்றியிருக்கும். பூ 6 முதல் 8 அங்குல நீளமுள்ளது. வெண்மை, ஊதா, சில வேளை மஞ்சள் நிறமும் உடையது. ஒன்றனுள் ஒன்றாகப் பூவிதழ்கள் அடுக்கிய அடுக்கூமத்தையும், மஞ்சட்பூப் பூக்கும் பொன்னூமத்தையும் இவ்வினத்தின் வேறுபாடுகளே. காய் உருண்டையானது, வளைந்த காம்பில் சாய்ந்தோ கவிழ்ந்தோ நிற்கும். அதன்மேல் இருப்பவை நீண்ட முட்களல்ல; குட்டையான மழுங்கிய முண்டுகளே. முதிர்ந்த காய் ஒழுங்கின்றி உடையும். விதை மங்கிய பழுப்பு நிறமுடையது.

2. மென்மயிர் ஊமத்தை. இதன் சாஸ்திரப் பெயர் டட்டூரா இன்னாக்சியா. வசதியை முன்னிட்டு இக்கட்டுரையில் இதற்கு இப்பெயர் இட்டுள்ளோம். இது மெக்ஸிகோ முதலிய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்து நம் நாட்டின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் பரவியது. தண்டையும் இலையையும் மென்மையான மயிர் போர்த்திருப்பதனால், செடி முழுவதும் தூரப்பார்வைக்குச் சாம்பல் பூசியதுபோல் தோன்றும். தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் மெத்தென்றிருக்கும். பூ வெண்மையானது. அதன் விளிம்பில் ஐந்து பெரிய கூர்களும், அவற்றின் இடையிடையே ஐந்து சிறிய கூர்களும் ஆகப் பத்துக் கூர்கள் உண்டு. மற்ற இரண்டு இனங்களின் ஒற்றைப் பூவில் ஐந்து கூர்களே இருக்கும். காய் கவிழ்ந்து தொங்கும். அதன்மேல் மெல்லிய நீண்ட முட்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். இதுவும் ஒழுங்கின்றி உடைவதே. விதை பழுப்பு நிறமுடையது.

3. நிமிர்காய் ஊமத்தை. இதன் சாஸ்திரப் பெயர் டட்டூரா ஸ்ட்ரமோனியம். உலகின் பல தேசங்களில் விளைநிலங்களில் புகுந்து தானியங்களோடு கலந்து தொல்லை தருவது இதுவே. நம் நாட்டில் குளிர்ந்த மலைப்பகுதிகளில் இதனை மிகுதியாகக் காணலாம். 2 முதல் 4 அடி உயரம் வளரும். இலையின் விளிம்பு ஆழ்ந்த, ஒழுங்கற்ற பற்களாக வெட்டுண்டிருக்கும். பூ மற்றவற்றினும் சிறியது. 3 அல்லது 4 அங்குலத்துக்கு மேற்படுவது அரிது. இதிலும் வெள்ளைப் பூவும் ஊதாப் பூவும் உண்டு. ஆகவே இங்கும் நிறம் நமக்கு உதவாது. காய் முட்டை வடிவானது. காம்பின்மேல் நேரே நிமிர்ந்து நிற்கும். பெரும்பாலும் சமமற்ற கூரிய முட்களையுடையது. முதிர்ந்தபின் நுனியிலிருந்து நான்கு பிளவாக ஒழுங்குடன் வெடிக்கும். விதை கறுப்பு நிறமுடையது, தட்டையானது.

இவ்வினத்துக்கு அமெரிக்காவில் ஜிம்சன் களை என்று பெயர். வர்ஜீனியாவிலுள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரின் பெயரே அவ்வாறு மருவிற்று. 1676ஆம் ஆண்டில் அவ்வூரில் தங்கிய போர்வீரர் சிலர் இதன் இளந்தழையைக் கீரையென்று சமைத்துண்டு, பல நாட்கள் புத்தி பேதலித்துத் திரிந்தனர் என்பது சரித்திரம். வடமொழியில் உன்மத்தம் என்பதற்குப் பித்து என்பது பொருள். நம் முன்னோர் இச்செடியை அச்சொல்லாலேயே அறிந்திருந்தனர்.

இவற்றின் பெயர்களிலும் குழப்பம் உண்டு. பழைய தாவர நூல்கள் சிலவற்றில் மென்மயிர் ஊமத்தைக்கு டட்டூரா மெட்டல் என்ற பெயரும், நாட்டு ஊமத்தைக்கு டட்டூரா பாஸ்டுவோசா என்ற பெயரும் இடப்பட்டிருக்கும். ஆகையால் பழைய நூலைப் பார்த்துச் செடியைத் தேடுவோர், பெயரை மட்டும் நம்பாமல், காயின் வருணனையையும் ஒப்பிட்டுக்கொள்ளுதல் நலம்.

நிலத்தில் கையாளும் முறை

மேற்கூறிய குறிகள் யாவற்றையும் நினைவில் வைத்தல் எளிதன்று. செடியின்முன் நின்று பின்வரும் மூன்று வினாக்களை முறையாகக் கேட்டுக்கொண்டால் போதுமானது.

முதல் வினா: காய் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து தொங்குகிறதா? நிமிர்ந்து நிற்குமாயின் அது நிமிர்காய் ஊமத்தை. வெடித்த காய் நான்கு பிளவாக இருப்பதைக் கண்டு உறுதி செய்துகொள்ளலாம். மேலே வேறு வினா வேண்டுவதில்லை. பிஞ்சுக் காயை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. பூ உதிர்ந்த அண்மையில் எல்லா இனத்துப் பிஞ்சுகளும் நிமிர்ந்தே தோன்றக்கூடும். செடியிலுள்ள முதிர்ந்த காயையே நோக்குக.

இரண்டாம் வினா: சாய்ந்த காயின்மேல் இருப்பவை நீண்ட முட்களா, குட்டை முண்டுகளா? நீண்ட மெல்லிய முட்களாயின் மென்மயிர் ஊமத்தை. முண்டுகளாயின் நாட்டு ஊமத்தை.

மூன்றாம் வினா, காயில்லாத செடிக்கு உரியது: செடி மெத்தென்ற மயிர் போர்த்துச் சாம்பல் நிறமாயிருக்கிறதா? ஆமெனில் மென்மயிர் ஊமத்தை. மயிரற்று, இலை விளிம்பு ஆழ்ந்த பற்களோடும், பூ சிறிதாயும் இருப்பின் நிமிர்காய் ஊமத்தை. மயிரற்று, இலை விளிம்பு நேராகவோ சிறிதே அலைந்தோ இருந்து, பூ 6 அங்குலத்துக்குக் குறையாதிருப்பின் நாட்டு ஊமத்தை.

பூவும் காயும் இல்லாத நாற்றுப் பருவத்தில் இனத்தைத் துணிதல் கடினம், துணியவும் வேண்டுவதில்லை. அப்பருவத்தில் ஊமத்தை என்று அறிந்தாலே போதும். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை ஊமத்தையோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலால், நாற்றங்காலில் ஊமத்தை முளைத்தால் அவற்றோடு சேர்ந்து மறைந்து நிற்கும். தம் நாற்றங்காலில் நாற்றினும் விரைந்து பருத்து, கசக்கினால் துர்நாற்றம் வீசும் கன்று இருப்பின் அதனைப் பிடுங்கி எறிக. கீரை பறிக்கும் பெண்டிருக்கும் சிறுவருக்கும் இக்கன்றை நேரில் காட்டி எச்சரித்தல் அவசியம்.

விதையை அறிதல்

ஊமத்தை விதை மிளகாய் விதையைப் பெரிதும் ஒத்தது. இவ்வொற்றுமை பல விபத்துக்களுக்கு இடமாகியிருக்கிறது. இரண்டையும் பிரிப்பதற்குரிய குறிகளாவன: மிளகாய் விதை வெளுத்த மஞ்சள் நிறமும், வழுவழுப்பான மேற்புறமும், காரநெடியும் உடையது. ஊமத்தை விதை சிறுநீரக வடிவானது; சற்றுப் பருத்தது; மேற்புறம் நுண்ணிய குழிகள் நிறைந்தது; நெடியற்றது. ஐயமிருப்பின், விதையைத் தட்டையாகக் கிடத்தி, அதன் அகலப் பக்கத்துக்கு இணையாகக் கூரிய கத்தியால் இரண்டாகப் பிளந்து பார்க்க. மிளகாய் விதையினுள் வளைந்த முளைக்கருவின் முனை 6 என்னும் இலக்கம்போல் உட்புறம் சுருண்டிருக்கும். ஊமத்தை விதையில் அம்முனை வெளிப்புறமாக வளைந்திருக்கும். எக்காரணத்தாலும் நாவில் இட்டுச் சுவைத்துப் பார்த்தல் கூடாது.

களையும் முறை

ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் அடங்கியுள்ளன. அவை மண்ணில் எளிதில் அழிவனவும் அல்ல. அமெரிக்காவில் 1902ஆம் ஆண்டில் மண்ணில் புதைத்த நிமிர்காய் ஊமத்தை விதைகளை 39 ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து முளைக்க வைத்தபோது, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு முளைத்தன. அதாவது, தந்தை களையாமல் விட்ட ஒரு செடிக்கு மகன் தன் காலம் முழுவதும் களை எடுக்க நேரும்.

ஆகையால் பூத் தோன்றுமுன் செடியை வேரோடு பிடுங்குவதே சிறந்தது. பலவகைச் செடிகள் கலந்து நிற்குமிடத்து, நிமிர்காய் ஊமத்தையை முதலில் பிடுங்குக; அதன் காய் வெடித்தபின் தொடுவது விதை தூவுவதற்கு ஒப்பாகும். அவ்வாறு வெடித்துவிட்டதாயின், காயின்மேல் ஒரு பையைக் கவிழ்த்துக் காம்பை ஒடித்து எடுத்த பின்னரே செடியைப் பிடுங்குக. கையுறையோ கந்தலோ சுற்றிக்கொண்டு வேலை செய்க; முடித்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. செடியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். பிடுங்கிய செடிகளை எருக்குழியிலோ மாட்டுத் தீவனத்தின் அருகிலோ இடாமல், ஏர் படாத இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைக்க. எரித்தால் எழும் புகையும் தீங்கானது.

அறுவடைக்கு முதல்நாள் மிராசுதாரரோ அவருடைய ஆளோ நிலத்தைச் சுற்றிவந்து, பயிரினிடையே நிற்கும் ஊமத்தையைக் களைந்துவிடுதல் வேண்டும். களத்தில் சிறு தானியங்களைத் தூற்றிச் சலிக்கும்போது, நிலத்தில் கண்ட இனத்துக்குத் தக்கபடி கறுப்பு விதையையோ பழுப்பு விதையையோ தேடுக. முறத்தில் ஒரு பிடி தானியத்தைப் பரப்பிப் பார்த்தால் ஐயம் நீங்கும். விதை காணப்பட்ட தானியத்தை முற்றிலும் சுத்தம் செய்யாமல் அரைக்கவோ, விற்கவோ, கால்நடைக்கு இடவோ கூடாது.

நஞ்சின் அறிகுறிகள்

நஞ்சுண்டவருக்கு வாயும் தொண்டையும் வறளும், விழுங்குதல் அரிதாகும், தேகம் வியர்வையின்றிச் சுடும், முகம் சிவக்கும், கண்மணி விரியும், நடை தள்ளாடும். பின்னர்த் தமக்குள் பிதற்றுவதும், இல்லாத நூலை விரல் நுனியிலிருந்து இழுப்பதுபோல் கைகளை அசைப்பதும், துணியைப் பற்றிப் பிய்ப்பதும் நிகழும். இதனைப் பேய்க்கோளாறு என்றோ குடிமயக்கம் என்றோ எண்ணிக் காலந்தாழ்த்தல் பெருந்தவறு. உடனே 108 என்னும் எண்ணில் தொலைபேசி வாயிலாக அவசர ஊர்தியை வரவழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. ஊர்தி வரும்வரை கிணற்றண்டையும் நீர்நிலையண்டையும் அவர் செல்லாதவாறு காத்து நிற்க. உண்டு எஞ்சிய உணவையும், ஐயப்பட்ட செடியைக் காயோடும் கையுடன் கொண்டுபோதல் வேண்டும்.

கால்நடைகள் பச்சைச் செடியின் நாற்றத்தால் இதனைப் பெரும்பாலும் விலக்கிவிடும். ஆனால் அறுத்துக் கட்டிய பசுந்தீவனத்திலும், ஊறுகாய்த் தீவனத்திலும், அடர்தீவனத்திலும் இது கலந்துவிட்டால் அவற்றால் பிரித்தறிய இயலாது. மாடு அமைதியின்றித் திரிந்து, கண்மணி விரிந்து, வாய் வறண்டு, அசைபோடாமல் வயிறு உப்பினால், அத்தீவனத்தை உடனே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைத்து வருக.

முடிவாக ஒன்று. பூ மாலைக்கு ஒரு நிறமாக மலர்ந்து மறுநாள் வாடிவிடுவது. காயோ பல வாரம் செடியில் நின்று தன் இனத்தைத் தானே கூறுவது. கிராம அதிகாரிகள் தம் எல்லைக்குள் கிடைக்கும் ஊமத்தைக் காய்களை உலர்த்தி, இனம்வாரியாகக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, "விஷம்" என்று எழுதி, பூட்டியுள்ள அலமாரியில் வைத்து, ஊர்க்கூட்டம் கூடும்போது எடுத்துக் காட்டுவாராயின், அதனைக் கண்டவர் எவரும் பின்னர் ஒருகாலும் மயங்கார். வரும் அறுவடைக்குமுன் ஒவ்வொரு குடியானவரும் தம் வரப்பையும் களத்துமேட்டையும் ஒருமுறை சுற்றிவந்து, மேற்கூறிய மூன்று வினாக்களையும் அங்கு நிற்கும் செடிகளிடம் கேட்டுப் பார்ப்பாராக.